நாம் பாடும் பாட்டில் தந்தையும் தூய ஆவியாரும் எங்கே?

கேள்வி: 15 ஜூன் 2025, இரவு

அண்ணா, இன்று மூவொரு கடவுள் பெருவிழா. எங்கள் பங்கில் வருகைப் பாட்டு இயேசுவுக்கு, காணிக்கைப் பாட்டு இயேசுவுக்கு, திருவிருந்துப் பாட்டு இரண்டும் இயேசுவுக்கு, கடைசியில் மாதா பாட்டு. சாமியார் மறையுரையில் மூவொரு கடவுளைப் பற்றி, அதாவது தந்தை, மகன், தூய ஆவியார் மூவரும் ஒரே கடவுள் என்பதைப் பற்றி, இருபது நிமிடம் பேசினார். பாட்டில் அதில் ஒரு சொல்லும் வரவில்லை. நாம் நம்புவது ஒன்று, பாடுவது வேறா?

16 ஜூன், காலை

கேள்வி நியாயமானது. நான் இருபத்திரண்டு வருடமாகப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் குழு நோட்டை எடுத்துக் கடைசி நான்கு ஞாயிறைப் பார்த்தேன். ஞாயிறுக்கு ஐந்து பாட்டு, மொத்தம் இருபது. தந்தையை நோக்கிப் பாடியது மூன்று. ஆவியாரை நோக்கிப் பாடியது ஒன்று, அதுவும் பெந்தகோஸ்து அன்று. மூவரையும் சேர்த்துப் போற்றியது ஒன்றுகூட இல்லை. பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

16 ஜூன், இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கணக்கு சரி, எண்ணிய இடம் தப்பு. பாட்டுப் புத்தகத்தில் எண் போட்ட பாட்டுகளை மட்டும் எண்ணினேன். பூசைக்கென்றே சொந்தமான பாட்டுகள் இருக்கின்றன. 'உன்னதங்களிலே', 'தூயவர்', நம்பிக்கை அறிக்கை, நற்கருணை மன்றாட்டின் முடிவில் வரும் 'இவர் வழியாக'. சிலுவை அடையாளத்தில் தொடங்கி இறுதி ஆசீர் வரை மூன்று பேரும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆனால் அதையெல்லாம் நாம் வேகமாக வாசித்துத் தள்ளிவிடுகிறோம். தபேலாவும் கீபோர்டும் காணிக்கைப் பாட்டுக்குத்தான். பாடவேண்டியதைப் பேசுகிறோம், பேசாமலே இருந்திருக்கலாம் என்கிற இடத்தில் பாடுகிறோம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

17 ஜூன்

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: இயேசுவுக்குப் பாடினால் என்ன குறை, அவரும் கடவுள்தானே?

குறை ஒன்றும் இல்லை. முதல் கொரிந்தியர் 12:3 சொல்வது, தூய ஆவியாரின் ஆற்றல் இல்லாமல் 'இயேசுவே ஆண்டவர்' என்று யாராலும் சொல்ல முடியாது என்று. அப்படியானால் இயேசுவை நோக்கி மனதாரப் பாடுகிற பாட்டிலும் ஆவியார் இருக்கிறார். பாடுகிறவரின் மூச்சாக இருக்கிறார்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். 393-இல் வட ஆப்பிரிக்காவில் இப்போ என்ற ஊரில் ஆயர்கள் கூடியபோது, பீடத்தில் செபிக்கும்போது செபம் எப்போதும் தந்தையை நோக்கியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அப்போது வெறும் குருவாக இருந்த அகுஸ்தீன் அந்தக் கூட்டத்தில்தான் நம்பிக்கை அறிக்கையைப் பற்றி உரை நிகழ்த்தினார். பூசையின் செபங்களுக்கு ஒரு திசை உண்டு. தந்தையை நோக்கி, மகன் வழியாக, ஆவியாரில். பாட்டு எல்லாமே ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மக்களுக்கு அந்தத் திசை காதில் விழாது. என் கவலை அவ்வளவுதான்.

18 ஜூன்

இன்று விடுமுறை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மூவொரு கடவுள் நம்பிக்கைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆயர்களின் பொதுக்கூட்டமான நிசேயா சங்கம் கூடியது 325-இல், இந்த வருடம் 1700 ஆண்டு நிறைகிறது. அந்தச் சங்கம் யாருக்கு எதிராகக் கூடியதோ அந்த ஆரியுஸ், மகன் படைக்கப்பட்டவர், தந்தைக்குச் சமமானவர் அல்ல என்று போதித்தவர். அவர் தன் கருத்தைச் செய்யுளாகவே எழுதினார். மாலுமிகளுக்கும் மாவு அரைப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தார் என்று அவரை எதிர்த்த ஆயர் அத்தனாசியுஸ் எழுதுகிறார். இறையியல் நூலை யார் படிப்பார்கள்? திருகை சுற்றும்போது பாட ஒரு பாட்டு இருந்தால் எல்லோரும் பாடுவார்கள்.

ஐம்பது வருடம் கழித்து, 375 வாக்கில், செசரியா ஆயர் பசிலியார் மேல் ஒரு புகார் வந்தது. செப முடிவில் மூவரையும் போற்றும் புகழுரையை அவர் இரண்டு விதமாகச் சொன்னார். 'மகன் வழியாக, தூய ஆவியாரில் தந்தைக்கு மாட்சி' என்பது ஒன்று. 'மகனோடும் தூய ஆவியாரோடும் தந்தைக்கு மாட்சி' என்பது இன்னொன்று. இரண்டாவது புதுமை என்றார்கள். அவர் தூய ஆவியாரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதிப் பதில் சொன்னார். நம் இலக்கணத்தில் சொன்னால் 'இல்', 'ஓடு' என்ற இரண்டு வேற்றுமை உருபுக்காக ஒரு புத்தகம். 'ஆவியாரில்' என்றால் நாம் அவருக்குள் நின்று வழிபடுகிறோம். 'ஆவியாரோடு' என்றால் அவரும் சமமாக வழிபடப்படுகிறார். இரண்டும் வேண்டும் என்றார். அதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் ஒன்று ஒரு பழைய பாட்டு. மாலையில் விளக்கேற்றும்போது மக்கள் பாடிவந்த பாட்டு, யார் எழுதியது என்று அவருக்கே தெரியாது. அதில் தந்தை, மகன், தூய ஆவியார் மூவரையும் போற்றுகிறார்கள், அதை யாரும் தப்பு என்று சொன்னதில்லையே என்று கேட்டார். விளக்கு வைக்கிற நேரத்துப் பாட்டு இறையியல் வழக்கில் சாட்சி சொல்லியிருக்கிறது!

381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் ஆவியாரைப் பற்றிச் சேர்த்த வரி நினைவிருக்கிறதா? தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதனையும் மாட்சியும் பெறுகிறவர் என்று. அதே 'ஓடு'. பசிலியார் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

அப்புறம் மிலான், 386. பேரரசியார் யுஸ்தினா ஆரியுஸ் தரப்புக்கு ஒரு கோயிலைக் கேட்டார். ஆயர் அம்புரோஸ் தர மறுத்தார். கோயிலைச் சுற்றிப் படைவீரர்கள், உள்ளே மக்கள் இரவு பகலாக. அகுஸ்தீனின் தாய் மோனிக்காவும் அவர்களில் ஒருவர். மக்கள் சோர்ந்துவிடக் கூடாது என்று கீழைத் திருச்சபை வழக்கப்படி திருப்பாடல்களும் புகழ்ப்பாக்களும் பாடும் முறை அப்போதுதான் அங்கே தொடங்கியது என்று அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். அம்புரோஸின் பாக்கள் எளிய அளவு கொண்டவை. வரிக்கு எட்டு அசை, நான்கு வரி ஒரு கண்ணி, எட்டுக் கண்ணி. ஒரு முறை கேட்டால் பிடித்துக்கொள்ளலாம். என் பாட்டுகளால் மக்களை மயக்குகிறேன் என்கிறார்கள், நான் அதை மறுக்கவில்லை என்று அவர் ஒரு மறையுரையில் சொன்னார். மூவொரு கடவுளை மக்கள் எல்லோரும் தினமும் வாயால் அறிக்கையிடுவதைவிட வலிமையானது எது? மாணவர்களாக இருக்கவே சிரமப்பட்டவர்கள் எல்லோரும் இப்போது ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள் என்றார்.

இதைப் படித்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெட்டி முன்னால் உட்காரும்போது ஒரு பயம் வரும். நான் மக்கள் வாயில் எதை வைக்கிறேன்?

19 ஜூன்

ஒரு திருத்தம். ஆரியுஸின் மாலுமிப் பாட்டு, திருகைப் பாட்டு பற்றிய செய்தி அத்தனாசியுஸ் தந்தது அல்ல. பிலொஸ்தோர்கியுஸ் என்ற வரலாற்றாசிரியர் தந்தது, அவரே ஆரியுஸ் தரப்புக்கு நெருக்கமானவர். அத்தனாசியுஸ் மேற்கோள் காட்டுவது ஆரியுஸின் செய்யுள் நூலிலிருந்து. இரண்டையும் குழப்பிவிட்டேன். சுட்டிக்காட்டிய குருமாணவருக்கு நன்றி.

இன்னொன்று விட்டுப்போனது. 398-இல் யோவான் கிறிசோஸ்தோம் கான்ஸ்டாண்டிநோபிள் ஆயரானார். நகருக்குள் கோயில் இல்லாத ஆரியுஸ் தரப்பினர் சனி, ஞாயிறு இரவுகளில் தெருவில் கூடி இரு பிரிவாக மாறி மாறிப் பாடினார்கள். 'மூன்றும் ஒரே வல்லமை என்பவர்கள் எங்கே?' என்று சீண்டுகிற வரியும் அதில் உண்டு. யோவானும் தன் மக்களை வெள்ளிச் சிலுவையும் மெழுகுவத்தியுமாகப் பாட அனுப்பினார். எதிர்ப்பாட்டு அடிதடியில் முடிந்தது, இரு தரப்பிலும் உயிர் போனது. பேரரசியின் அரண்மனை அலுவலர் ஒருவர் நெற்றியில் கல்லடி பட்டார். பாட்டு எவ்வளவு வலிமையானதோ அவ்வளவு கவனமும் வேண்டும் என்பதற்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

23 ஜூன்

நேற்று கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா. மாலையில் நற்கருணை பவனி, ஆசீர். வழக்கம்போல 'மாண்புயர்' பாடினோம். பாதிப் பாட்டில் என் கை தயங்கியது. பதினைந்தாம் தேதி கேட்ட தங்கச்சிக்கு நான் சொல்லவேண்டிய பதில் அந்த இரண்டாம் கண்ணியில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

தோமா அக்குவினாஸ் 1264-இல் இந்தத் திருநாளுக்காக இலத்தீனில் எழுதிய பாடலின் கடைசி இரண்டு கண்ணிகள் அவை. முதல் கண்ணி நற்கருணைக்கு. இரண்டாவது கண்ணி நேராகத் தந்தைக்கு, மகனுக்கு, 'இருவரிடமாய் வருகின்றவராம்' ஆவியாருக்கு. முடிவில் 'சமபுகழ்' என்று ஒரு சொல் வருகிறது.

சமபுகழ். பசிலியார் ஒரு நூல் முழுக்க வாதாடியது இந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. ஆவியார் தந்தையிடமிருந்து மட்டுமா, மகனிடமிருந்தும் புறப்படுகிறாரா என்பது கிழக்கும் மேற்கும் பிரிந்ததற்கே ஒரு காரணமாக இருந்த கேள்வி. மேற்குத் திருச்சபையின் விடையை எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத மீன்காரப் பாட்டிகளும் புத்தகம் பார்க்காமல், கண்ணை மூடிப் பாடுகிறார்கள். அம்புரோஸ் சொன்ன ஆசிரியர்கள் இவர்கள்தான்.

என் அப்பாவும் பாடகர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால் எல்லாம் இலத்தீன். அவருடைய நோட்டில் இதே கண்ணி தமிழ் எழுத்தில் இருக்கிறது: 'ஜெனித்தோரி ஜெனித்தோக்குவே'. பக்கத்தில் பென்சிலில் மூச்சு எடுக்கும் இடத்துக்குச் சின்னக் கோடு போட்டிருக்கிறார். பொருள் தெரியுமா என்று ஒரு தடவை கேட்டேன். "மூணு பேருக்கும் ஒரே மரியாதைன்னு அர்த்தம்" என்றார்.

24 ஜூன்

தூங்கப் போகும்போது தோன்றியது. தம்புராவில் நான்கு தந்தி. ஒன்று பஞ்சமம் (ப), மற்றவை சட்ஜம் (ச). சுருதி சுத்தமாகச் சேர்ந்தால் யாரும் மீட்டாத காந்தாரம் (க) தானாகக் கேட்கும். எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அது கேட்கிறவரை பாடமே தொடங்கமாட்டார். சட்ஜம், பஞ்சமம், இரண்டிலிருந்தும் புறப்படுகிற காந்தாரம். இருவரிடமாய் வருகின்றவர்! தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்வதைவிட இது எவ்வளவு நல்ல உவமை.

26 ஜூன்

இல்லை. வீணை வாசிக்கும் தம்பி ஒருவர் விளக்கமாக எழுதியிருக்கிறார். அந்தக் காந்தாரம் பஞ்சமத் தந்தியிலிருந்து வருவதே இல்லை. மந்தர சட்ஜத் தந்தியிலேயே, அடிச்சுரத்தைப்போல ஐந்து மடங்கு வேகத்தில் அதிரும் மேற்சுரம் அது. பஞ்சமத் தந்தியை நிறுத்திவிட்டு மீட்டிப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. ஆக என் உவமை கீழைத் திருச்சபையின் போதனைக்குத்தான் பொருந்துகிறது, தந்தை ஒருவரிடமிருந்தே புறப்படுகிறவர் என்று. ஒரு ஆர்த்தடாக்ஸ் நண்பர் இதைப் படித்துவிட்டு அடுத்த முறை தம்புராவோடு எங்கள் கோயிலுக்கு வாருங்கள் என்று அழைத்திருக்கிறார். மனம் விட்டுச் சிரித்தேன். கட்டாயம் போவேன்.

ஆனால் உண்மையான குறை வேறு. சட்ஜம் தம்புரா நாதத்தின் ஒரு பகுதி. தந்தை கடவுளின் ஒரு பகுதி அல்ல. ஒவ்வொருவரும் முழுமையாகக் கடவுள், ஆனாலும் கடவுள் ஒருவரே. எந்த உவமையும் அந்த இடத்தில் கைவிட்டுவிடும். தண்ணீர் உவமை இன்னும் மோசம், ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்று ஆகிவிடும். உவமை தேடுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

30 ஜூன்

உவமை இல்லை, வரலாறு மட்டும். 13-ஆம் நூற்றாண்டில் கோலோன் நகரத்துப் பிராங்கோ என்ற இசை நூலாசிரியர் மூன்றாகப் பிரியும் கால அளவை 'நிறைவு' என்று அழைத்தார். நிறைவே உருவான மூவொரு கடவுளிடமிருந்து அந்தப் பெயர் வந்தது என்று காரணமும் எழுதினார். அந்தத் தாளத்துக்கு வட்டம் குறியாயிற்று. எங்கள் தபேலா வாசிக்கிறவரிடம் சொன்னேன். 'தூயவர்' பாட்டைத் திஸ்ர நடையில், மும்மூன்றாக எண்ணும் தாளத்தில், போட்டால் என்ன என்று உடனே கேட்டார். போட்டோம், நன்றாக வந்தது.

6 ஜூலை

எங்கள் குழுவில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் சொந்தமாகப் பாட்டு எழுதிக்கொண்டு வந்தான். மெட்டு அருமை. பல்லவி 'தந்தையே' என்று தொடங்கியது. சரணத்தில் அதே தந்தையைப் பார்த்து 'எனக்காய்ச் சிலுவை சுமந்தீர், மரித்தீர்' என்று இருந்தது.

இது இவன் ஒருவன் செய்த தவறு இல்லை. மேடைப் பாட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் நிறையக் கேட்டிருக்கிறேன். முதல் வரியில் தந்தை, மூன்றாம் வரியில் இயேசு, நடுவில் ஆள் மாறியதற்கு அடையாளமே இருக்காது. மூன்றாம் நூற்றாண்டிலேயே இது ஒரு பெரிய சண்டை. பிரட்சேயாஸ் என்பவர் ஆவியாரைத் துரத்திவிட்டுத் தந்தையைச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்று அக்காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கோபமாக எழுதினார்.

பையனிடம் தெர்த்துல்லியனை எல்லாம் சொல்லவில்லை. "தம்பி, கெத்சமனியில் இயேசு யாரைப் பார்த்து அப்பா என்றார்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பேனாவை வாங்கி 'மகனைத் தந்தீர்' என்று மாற்றினான். மெட்டில் ஒரு மாற்றமும் தேவைப்படவில்லை. பாட்டு முன்பைவிட உருக்கமாகிவிட்டது. பிள்ளையைக் கொடுத்த அப்பா என்றால் நம் மக்களுக்கு விளக்கவேண்டியதே இல்லை.

1963-இல் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் (எண் 121) பாட்டின் சொற்கள் கத்தோலிக்கப் போதனைக்கு இசைந்திருக்க வேண்டும், பெரும்பாலும் விவிலியத்திலிருந்தும் வழிபாட்டு நூல்களிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்று சொன்னது. பலரும் இதைக் கட்டுப்பாடு என்று நினைக்கிறார்கள். எனக்கு அது அந்தப் பையனின் பேனா மாதிரிதான் தெரிகிறது.

13 ஜூலை

சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பங்கில் திருமணப் பூசைக்கு வாசிக்கப் போனேன். 'உன்னதங்களிலே'க்குப் பதிலாக ஒரு துள்ளல் பாட்டு. இரண்டு வரி, நான்கு முறை, கைதட்டு. இயேசுவுக்குப் புகழ், அவ்வளவுதான். நேரம் ஆகிவிடும் என்று காரணம் சொன்னார்கள். திருப்பலி நூலின் பொது விதிமுறை எண் 53 தெளிவாக இருக்கிறது, இந்தப் பாட்டின் சொற்களுக்குப் பதில் வேறு சொற்களை வைக்கக் கூடாது. காரணம் சட்டம் மட்டும் அல்ல. வானதூதர் பாட்டில் தொடங்கி, தந்தையைப் போற்றி, மகனிடம் இரக்கம் கேட்டு, கடைசியில் 'தூய ஆவியாரோடு தந்தையாகிய இறைவனின் மாட்சியில்' என்று முடிகிறது. அந்தக் கடைசி வரியில் இருக்கிற 'ஓடு'வைக் கவனியுங்கள். பாட்டைப் பாதியில் வெட்டினால் முதலில் விழுவது அதுதான்.

ஆவியாருக்கு ஏன் ஒரே ஒரு வரி என்று மறைக்கல்விப் பிள்ளைகள் கேட்பதுண்டு. 17 ஜூனில் எழுதியதையே திரும்பச் சொல்வேன். மீதி வரிகளைப் பாடும் மூச்சு அவர்தான்.

14 ஜூலை

'இவர் வழியாக, இவரோடு, இவரில்' பகுதியை மக்கள் எல்லோரும் சேர்ந்து பாடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசை புரிகிறது, 16 ஜூனில் நான் எழுதியதும் அப்படித் தொனித்திருக்கும். ஆனால் அது குருவுக்கு உரியது. மக்களுக்கு உரியது 'ஆமென்'. வழியாக, ஓடு, இல் என்று பசிலியாரின் உருபுகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிற இடம் அது, அதற்கு நாம் போடும் கையெழுத்து அந்த ஆமென். அதை முனகாமல் மூன்று முறை பெரிதாகப் பாடலாம். எங்கள் பங்கில் தொடங்கிவிட்டோம்.

2 ஆகஸ்ட்

மொழி பற்றி ஒன்று. பழைய செபப் புத்தகங்களில் 'இஸ்பிரீத்து சாந்து' என்று இருக்கும், போர்த்துக்கீசியர் காலத்துச் சொல். 1578-இல் என்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சான காலத்திலிருந்து நம் முன்னோர் இந்த மூன்று பெயருக்கும் தமிழில் சொல் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிறகு 'பரிசுத்த ஆவி' வந்தது, பிறகு 'தூய ஆவியார்'. அந்த 'ஆர்' பாடகர்களுக்குத் தொல்லை கொடுத்தது. பழைய மெட்டில் ஒரு அசை கூடிவிட்டது, முதல் சில வருடம் எல்லோரும் அந்த இடத்தில் இடறினார்கள். எனக்கும் அப்போது பிடிக்கவில்லை.

இப்போது அந்த 'ஆர்' இல்லாமல் பாட மனம் வரவில்லை. 'ஆவி வந்தது' என்றால் அது ஒரு பொருள், ஒரு சக்தி. 'ஆவியார் வந்தார்' என்றால் ஆள். நம் தமிழ் இலக்கணம் உயர்திணை விகுதியால் ஒரு மறைபொருளை அறிக்கையிடுகிறது.

7 டிசம்பர்

நாலு மாதம் இங்கே வரவில்லை. திருவருகைக் கால ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' கிடையாது. அந்த இடைவெளியில் முழுச் சொற்களுக்கும் மெட்டுப் போட்டுப் பழகுகிறோம். மோகனத்தில் தொடங்கி, 'எங்கள்மேல் இரக்கமாயிரும்' வரும்போது கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி மோகனம். ஒரு சொல்லும் விடவில்லை. மொத்தம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். திருமணப் பூசையில் அந்த இரண்டு வரியை நான்கு முறை பாடியதும் ஏறக்குறைய இவ்வளவு நேரம்தான் ஆனது.

26 டிசம்பர்

நள்ளிரவுப் பூசையில் பாடினோம். மணி எல்லாம் அடித்து ஓய்கிறவரை காத்திருந்து ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்தேன். முதல் பாதி குழு மட்டும்தான் பாடியது. 'நீர் ஒருவரே தூயவர்' வந்தபோது மக்களும் சேர்ந்துகொண்டார்கள், அந்த மூன்று வரிக்கும் ஒரே மெட்டு என்பதால் பிடித்துக்கொண்டார்கள். 'ஆவியாரோடு' என்ற இடத்தில் 'ஓடு' சரியாகத் தாளத்தட்டில் விழுகிறது, அதற்காக மூன்று வாரம் மெனக்கெட்டோம்.

கேள்வி கேட்ட தங்கச்சி, சுரக்குறிப்பை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நாங்கள் இரண்டு கட்டையில் பாடினோம், பெண்களுக்கு 'உன்னதர்' இடம் கொஞ்சம் எட்டாமல் போனது. நீங்கள் அரைக் கட்டை இறக்கி எடுங்கள்.